முதல் ஜிபிஎஸ் கருவி: சைக்கிளுக்கும் மலையேற்றத்துக்கும் எதைப் பார்த்து வாங்குவது?

வார இறுதியில் சைக்கிளில் தூரம் போகிறேன், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மலையேற்றமும் உண்டு, இதுவரை போனை வைத்தே சமாளித்துவிட்டேன், இப்போது தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்க நினைக்கிறேன், எதை வாங்கலாம், அல்லது போனே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உங்கள் பயணம் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் வாங்கும் கருவி சீக்கிரமே டிராயருக்குப் போய்விடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு விஷயங்களைப் பாருங்கள். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா, ஈரக் கையாலும் கையுறை போட்ட கையாலும் இயக்க முடிகிறதா, உங்களுடைய மிக நீண்ட நாளை பேட்டரி தாங்குமா, வீட்டில் உட்கார்ந்து போட்ட வழியை அதற்குள் ஏற்றுவது சுலபமா. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் துல்லியம், செயற்கைக்கோள் எண்ணிக்கை எல்லாம் இந்த நான்குக்கும் அப்புறம்தான்.

துல்லியத்தை ஏன் கடைசியில் தள்ளுகிறேன் என்றால், அது ஏற்கெனவே எல்லாக் கருவியிலும் போதுமான அளவுக்கு வந்துவிட்டது. 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, நூறு மீட்டர் வரை இடம் தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு நிலைமை அடியோடு மாறியது. அப்புறம் ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ என்று ஜிபிஎஸ் போன்ற வேறு செயற்கைக்கோள் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. இன்று விலை குறைந்த கருவிகூட இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து வாங்கி, திறந்த வெளியில் சில மீட்டருக்குள் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். இரண்டு சாலை பிரியும் இடத்தில் எதில் போவது என்று தெரிந்துகொள்ள இது தாராளம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆழமான பள்ளத்தாக்கு, செங்குத்தான பாறைச் சுவர், அடர்ந்த காடு, உயரமான கட்டிடங்களுக்கு நடுவே உள்ள தெரு. இங்கெல்லாம் சிக்னல் பாறையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பி, கொஞ்சம் தாமதமாகக் கருவிக்கு வந்து சேரும். செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கருவி கணக்கிடுவதே சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத்தான் என்பதால் இடம் பிசகிவிடும். இரட்டை அலைவரிசைக் கருவிகள் வழக்கமான எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலோடு எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலையும் வாங்கி, நேராக வந்ததையும் பட்டுத் திரும்பியதையும் நன்றாகப் பிரித்துப் பார்க்கின்றன. நீங்கள் அடிக்கடி இப்படிப்பட்ட இடங்களில் நடப்பவர் என்றால் அதற்குக் காசு கொடுக்கலாம். பேட்டரி கூடுதலாகக் கரையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, போன் போதாதா? நிறைய பேருக்குப் போதும் என்பதுதான் நேர்மையான பதில். டவர் இல்லாத இடத்தில் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. செயற்கைக்கோளிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள நெட்வொர்க் தேவையே இல்லை, விமானப் பயன்முறையில் வைத்தாலும் இடம் காட்டும். நெட் இருந்தால் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தகவலை அதிலிருந்து உடனே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் வானத்திலிருந்தே மெதுவாக இறக்க வேண்டும், அதனால் முதல் முறை இடம் பிடிக்க நேரம் ஆகும், அவ்வளவுதான். நெட் இல்லாமல் காணாமல் போவது வரைபடம்தான். ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் உங்கள் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. அரை நாள் பயணம், பழகிய சாலைகள், எப்போதாவது ஒரு திருப்பத்தில் எடுத்துப் பார்ப்பது என்ற அளவில் இருந்தால் தனிக் கருவிக்குச் செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

போன் தோற்கும் இடங்கள் வேறு. ஹேண்டில்பாரில் மாட்டி நாள் முழுக்கத் திரையை எரியவிட்டால் பேட்டரி சரசரவென்று இறங்கும். நேர் வெயிலில் சூடேறினால் போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், சில சமயம் சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவிடும், அதாவது திரை மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் மங்கிப் போகும். மழைத்துளி விழுந்தால் டச் ஸ்க்ரீன் தன்போக்கில் எதையாவது அமுக்கும். அதிர்வும் ஒரு விஷயம். மோட்டார் சைக்கிள் இன்ஜினின் பலமான அதிர்வு கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. மிதிக்கும் சைக்கிளில் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் கரடுமுரடான மண் பாதையில் விலை உயர்ந்த போனை ஹேண்டில்பாரில் மாட்ட எனக்கு மனம் வருவதில்லை. இதையெல்லாம்விட முக்கியமான காரணம், அவசரம் வந்தால் யாரையாவது கூப்பிட உங்களிடம் இருப்பது அந்தப் போன் ஒன்றுதான். வழி பார்க்கும் வேலையை வேறொரு கருவிக்குக் கொடுத்துவிட்டு, போனை முழு சார்ஜோடு பைக்குள் வைத்திருப்பதற்காகவே தனிக் கருவி வாங்கலாம்.

இனி கருவிகளின் வகை. சைக்கிளுக்கென்றே வருபவை ஒரு வகை: கார்மின் எட்ஜ், வாஹூ எலிமென்ட், ஹேமர்ஹெட் கரூ, பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட் என்று வரிசை நீளும். கையில் பிடிக்கும் மலையேற்றக் கருவிகள் இன்னொரு வகை, இதில் கார்மினின் இட்ரெக்ஸ், ஜிபிஎஸ்மேப் வரிசைகள்தான் அதிகம் கண்ணில் படும். மூன்றாவது கைக்கடிகாரம். கடிகாரத்தை முதல் கருவியாக, அதுவும் வழி பார்ப்பதற்காக, நான் பரிந்துரைக்க மாட்டேன். பயணத்தைப் பதிவு செய்ய அருமையானது, ஆனால் சைக்கிள் ஓட்டும்போது மணிக்கட்டைத் திருப்பிச் சின்னத் திரையில் வரைபடம் தேடுவது ஆபத்து.

சைக்கிள் கருவிகளுக்குள்ளேயே இரண்டு ரகம் உண்டு, இதைக் கவனிக்காமல் ஏமாறுவது சுலபம். ஒன்று, உண்மையான வரைபடம் உள்ளது: சாலைகள், ஊர்ப் பெயர்கள், ஓடைகள் எல்லாம் தெரியும். இன்னொன்று வெறும் கோடு காட்டுவது, அதாவது வெற்றுத் திரையில் நீங்கள் போக வேண்டிய பாதை ஒரு வளைகோடாகவும் நீங்கள் ஒரு அம்புக்குறியாகவும் தெரிவீர்கள். தெரிந்த சாலையில் அந்தக் கோடு போதும். வழி தவறினால்தான் அதன் குறை தெரியும்: கோட்டை விட்டு விலகிவிட்டீர்கள் என்று சொல்லும், ஆனால் இடையில் என்ன இருக்கிறது, எந்தக் குறுக்குச் சாலையில் போனால் மறுபடி சேரலாம் என்று சொல்லாது. கையடக்கக் கருவியிலும் இப்படித்தான், இட்ரெக்ஸ் எஸ்இ நல்ல கருவி, பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும், ஆனால் கருவிக்குள் விரிவான வரைபடம் கிடையாது. மலைக்கும் போகிறவர் நீங்கள் என்பதால் வரைபடம் உள்ளதையே வாங்குங்கள், இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

அப்படியானால் உங்களுக்கு எது? உங்கள் நடைப்பயணங்கள் ஒரே நாளில் முடிபவை என்றால், பொத்தான்கள் உள்ள, வரைபடம் உள்ள சைக்கிள் கருவி ஒன்றே இரண்டுக்கும் போதும். கார்மின் எட்ஜ் 540, வாஹூ எலிமென்ட் போல்ட் ஆகியவை இந்த ரகம். நடக்கும்போது பையின் தோள்பட்டையில் மாட்டிக்கொள்ளலாம், இல்லை சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இரவு தங்கி, மின்சாரமே இல்லாத இடத்தில் மூன்று நான்கு நாள் நடப்பவர் என்றால் கையடக்கக் கருவியை வாங்கி, அதற்கான ஹேண்டில்பார் மவுண்ட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சைக்கிளில் அது கொஞ்சம் தடிமனாக உட்கார்ந்திருக்கும், மிதிக்கும் சக்தி பற்றிய புள்ளிவிவரங்கள் எல்லாம் பெரிதாகக் கிடைக்காது. ஆனால் ஒருபோதும் பாதி வழியில் கைவிடாது. பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவருக்கு இது பிடிக்காது, ஊர் சுற்றுபவருக்கு இதுதான் பிடிக்கும்.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையின் குழல் விளக்கில் போன் திரைதான் அழகாகத் தெரியும், ஜிபிஎஸ் கருவியின் திரை மங்கலாக, பழைய காலத்துப் பொருள்போல இருக்கும். வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான நல்ல கருவிகளில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகைத் திரை இருக்கிறது, வெயில் ஏற ஏற அது தெளிவாகும், பின்விளக்கே தேவைப்படாது. அதனால்தான் அவ்வளவு சின்ன பேட்டரியில் நாள் முழுக்க ஓடுகிறது. பொத்தானா டச் ஸ்க்ரீனா என்ற கேள்விக்கு என் பதில் பொத்தான். வரைபடத்தை நகர்த்திப் பார்க்க டச் சுகமானது, உண்மைதான், ஆனால் மழையிலும் வியர்வையிலும் குளிரிலும் பொத்தான்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டும் உள்ள கருவிக்குக் காசு இருந்தால் இன்னும் நல்லது.

பேட்டரி விஷயத்தில் பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பின்விளக்கு குறைவு, சென்சார்கள் இல்லை, மிதமான வெப்பம் என்ற சாதகமான நிலையில் எடுத்த கணக்காக அது இருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். உங்கள் மிக நீண்ட நாள் 12 மணி நேரம் என்றால் 18 மணி நேரம் என்று போட்டிருக்கும் கருவி வேண்டும். உள்ளேயே பொருத்திய பேட்டரியா, மாற்றக்கூடிய ஏஏ பேட்டரியா என்பதும் யோசிக்க வேண்டியது. இட்ரெக்ஸ் 22எக்ஸ் மாதிரி கருவி இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது, தீர்ந்தால் அடுத்த ஜோடியைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி தினசரிக்கு நல்லது, கடும் குளிருக்கு லித்தியம் ஏஏ, சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். உள்ளே பொருத்திய வகை என்றால் ஒரு சின்ன பவர் பேங்க் போதும், ஆனால் ஓட்டிக்கொண்டே சார்ஜ் செய்யும்போது யுஎஸ்பி மூடி திறந்திருக்கும், அப்போது மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகுமா என்று கையேட்டில் பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், மூடியைத் திறந்து வைத்தால் அந்த உத்தரவாதம் செல்லுமா என்பது கருவிக்குக் கருவி மாறும். வாய்ப்பு இருந்தால் யுஎஸ்பி-சி உள்ளதை எடுங்கள், போனுக்கும் இதற்கும் ஒரே வயர் போதும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது: வழியை ஏற்றுவது. முதல் கருவி வாங்கியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், கருவி மேல் கோபப்படுவதும் இங்கேதான். வழிகளைப் பரிமாறிக்கொள்ள 2002இல் வந்த ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது, இன்றும் எல்லாரும் பயன்படுத்துவது அதைத்தான். அந்த ஒரே வடிவத்துக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம். வேபாயின்ட் என்பது தனி இடம், ஒரு ஊற்று, ஒரு முகாம் என்று. ரூட் என்பது வரிசையாகச் சில புள்ளிகள் மட்டும், நடுவில் எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவி தன் வரைபடத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். ட்ராக் என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகள் நெருக்கமாகச் சேர்ந்த கோடு, அதில் கருவி முடிவு செய்ய ஒன்றும் இல்லை, கோடு எப்படிப் போகிறதோ அப்படியே. ஒரே ரூட் கோப்பை இரண்டு கருவிகளில் போட்டால் இரண்டு வெவ்வேறு சாலைகளைக் காட்டலாம், ஒன்று நெடுஞ்சாலையிலும் ஒன்று வயல் பாதையிலும் கொண்டுபோகலாம். ஆகவே நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பாதை மாறக் கூடாது என்றால் ட்ராக் ஆகவே ஏற்றுமதி செய்யுங்கள். கொமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற தளங்களில் வழியை வரைந்து ட்ராக் ஆக இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் கருவியின் அமைப்பில் "பாதை விலகினால் தானாகப் புது வழி கணக்கிடு" என்பதை அணைத்துவிட்டு, விலகினால் எச்சரிக்கை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தண்ணீர் வாங்கக் கொஞ்சம் ஒதுங்கினாலும் கருவி உங்களை வேறு எங்கோ கூட்டிப்போகப் பார்க்கும். பழைய கருவிகளில் ஒரு ட்ராக்கில் இத்தனை புள்ளிதான் என்ற வரம்பும் உண்டு, பல நாள் பயணத்தை நாளுக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, கருவியும் வேகமாகத் திறக்கும்.

அந்தக் கோப்பு கருவிக்குள் எப்படிப் போகிறது என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். கணினியில் வயரால் செருகி, கோப்பை இழுத்துப் போட்டால் போதும் என்ற கருவிகள் உண்டு. நிறுவனத்தின் செயலி, அதற்கொரு கணக்கு, ப்ளூடூத், நெட் இணைப்பு எல்லாம் இருந்தால்தான் ஏறும் என்பவையும் உண்டு. இரண்டாவது வகை வீட்டில் சுகம். ஆனால் டவர் இல்லாத இடத்தில் நண்பர் தன் போனில் இருந்த கோப்பைக் கொடுத்தால் முழிக்க வேண்டியிருக்கும். இரண்டு வழியும் உள்ள கருவி எனக்குப் பிடித்தது.

வரைபடத்தைப் பொறுத்தவரை, 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான் இன்று பல சைக்கிள் கருவிகளின் வரைபடத்துக்கு அடிப்படை. தன்னார்வலர்கள் வரைவது என்பதால் சில பகுதிகளில் ஒற்றையடிப் பாதை வரை இருக்கும், சில பகுதிகளில் சாலைகூட அரைகுறையாக இருக்கும். நீங்கள் போகும் பகுதி எப்படி இருக்கிறது என்று அந்தத் தளத்திலேயே முதலில் பாருங்கள், விட்டுப்போனதை நீங்களே சேர்க்கவும் செய்யலாம், அடுத்த பதிப்பில் உங்கள் கருவிக்கே அது வந்து சேரும். மலைக்குப் போகிறவர்கள் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு கண்டத்தில் விற்கும் கருவியில் அந்தக் கண்டத்தின் வரைபடம் மட்டுமே இருப்பது உண்டு, வெளிநாட்டிலிருந்து வாங்கும்போதும் பழைய கருவி வாங்கும்போதும் இதை மறக்காதீர்கள்.

உயரம் காட்டுவதில் காற்றழுத்தமானி உள்ளது நல்லது, ஜிபிஎஸ் மட்டும் வைத்துச் சொல்லும் உயரம் மேலும் கீழுமாகத் தள்ளாடும். கடல் மட்டத்துக்கு அருகில் சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும், அதை வைத்துத்தான் கணக்கு. வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் என்பதால் ஒரே இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்கி எழுந்தால் முப்பது மீட்டர் ஏறியதுபோலக் காட்டலாம். உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துகொண்டால் போதும். இதயத் துடிப்பு, மிதி வேகம் போன்ற சென்சார்களுக்கு, அவை வயர் இல்லாமல் இணையும் ஆன்ட் ப்ளஸ், ப்ளூடூத் என்ற இரண்டு முறைகளையும் ஏற்கும் கருவியாக இருந்தால் பின்னாளில் எதையும் சேர்க்கலாம், இப்போதே வாங்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு பற்றிப் பரவலாக ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சாதாரண ஜிபிஎஸ் கருவி கேட்கும், பேசாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியும், வேறு யாருக்கும் அது சொல்லாது. சைக்கிள் கருவிகளில் இருக்கும் நேரலைப் பகிர்வு பொதுவாக உங்கள் போனின் நெட் வழியாகத்தான் போகிறது, டவர் போனால் அதுவும் போச்சு. சில புதிய போன்களில் சில நாடுகளில் மட்டும் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி உண்டு, அது இல்லையென்றால் டவரே இல்லாத இடத்திலிருந்து உதவி கேட்க இரிடியம் போன்ற செயற்கைக்கோள் வலைப்பின்னல் வழியாகச் செய்தி அனுப்பும் சாதனம் வேண்டும், அதற்குப் பொதுவாகச் சந்தாவும் உண்டு. சில நாடுகளில் அனுமதி இல்லாமல் அந்தச் சாதனத்தை வைத்திருப்பதே குற்றம், எல்லை தாண்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்குவதில் தப்பில்லை, முதல் கருவிக்கு அது நல்ல யோசனையும்கூட. பொத்தான்களின் ரப்பர் வெடித்திருக்கிறதா, யுஎஸ்பி துளையில் பச்சை பிடித்திருக்கிறதா, மவுண்ட்டில் மாட்டும் காது உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் வெளியில் ஓடவிட்டு பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கெடுங்கள். முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து கருவியை விடுவித்துவிட்டாரா என்பதை அவர் முன்னாலேயே உறுதி செய்யுங்கள், அப்புறம் அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

வாங்கியதும் சில அமைப்புகள். பதிவு இடைவெளியை ஒரு நொடிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவுகளை வெட்டித் தூரத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். நடக்கும்போது தானியங்கி இடைநிறுத்தத்தை அணைத்துவிடுங்கள், செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக நடந்தால் நின்றுவிட்டீர்கள் என்று நினைத்துப் பதிவை நிறுத்திவிடும். வரைபடம் நீங்கள் போகும் திசைக்கு ஏற்பத் திரும்பும்படி வையுங்கள். கருவியைச் சின்னக் கயிற்றால் ஹேண்டில்பாரோடு கட்டுங்கள், மவுண்ட் கழன்றாலும் கருவி பள்ளத்துக்குப் போகாது. முதலில் நன்றாகத் தெரிந்த வழியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், எச்சரிக்கை எவ்வளவு தாமதமாக வருகிறது, திருப்பத்தை எத்தனை மீட்டர் முன்னால் சொல்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை. நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கருவியிலிருந்து படித்துச் சொல்லப் பழகுங்கள், அதை எந்த வடிவத்தில் காட்டுகிறது என்றும் பாருங்கள். 12.50 பாகை என்பதும் 12 பாகை 50 நிமிடம் என்பதும் ஒன்றல்ல. முதலாவது 12 பாகை 30 நிமிடம், அட்சரேகையில் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 37 கி.மீ. தூரம். போனில் உதவி கேட்கும்போது இதில் குழப்பம் வந்தால் தேடுபவர்கள் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். கருவியிலும் போனிலும் ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள், தசமப் பாகை என்றால் இரண்டிலும் தசமப் பாகை.